விசாவில் இருப்பவர்களுக்கு ஒபாமாகேர் கிடையாது என்று போனில் சொன்னால் நம்பாதீர்கள்

டாலஸ் பக்கம் இருக்கிறோம். 2025 அக்டோபரில் என் கணவருக்கு வேலை போனது. எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பதால் அடுத்த கம்பெனி பிடிக்க 60 நாள்தான். ஒபாமாகேர் என்பது அரசு நடத்தும் சந்தையில் மருத்துவக் காப்பீடு வாங்கும் வழி, தகுதி உள்ளவர்களுக்கு மானியமும் உண்டு. அது எங்களுக்குக் கிடையாது என்று போனில் சொன்ன ஒருவரை, அந்தப் பதற்றத்தில் நம்பி ஒரு இன்சூரன்ஸ் வாங்கினேன். ஜனவரியில் எங்கள் ஒன்பது வயது மகனுக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தபோதுதான், நான் வாங்கியது மருத்துவக் காப்பீடே இல்லை என்று தெரிந்தது. இதே பேச்சைச் சொல்லி நம் ஆட்கள் பலரிடம் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டதால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

பழைய கம்பெனி இன்சூரன்ஸ் அக்டோபர் 31-ஆம் தேதியோடு முடிந்தது. அதையே தொடர ‘கோப்ரா’ என்று ஒரு வழி உண்டு. நவம்பர் 4-ஆம் தேதி அந்தக் கடிதம் வந்தது: மாதம் 2,310 டாலர். வேலையில் இருக்கும்போது பெரும்பகுதியைக் கம்பெனி கட்டுவதால் உண்மையான விலை நம் கண்ணில் படுவதே இல்லை. 2025-இல் கம்பெனி வழியாக எடுக்கும் குடும்ப இன்சூரன்ஸின் சராசரி விலை ஆண்டுக்கு 26,993 டாலர். அதில் ஊழியர் கட்டுவது சுமார் 6,850 டாலர்தான். வேலை போனால் முழு விலையும், அதன் மேல் 2 சதவீதமும் நம் தலையில். சம்பளமே வராத வீட்டில் 2,310 டாலருக்கு எங்கே போவது? கடிதத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன்.

அன்று இரவு நெட்டில் விலை பார்க்கிறேன் என்று ஏதோ ஒரு பக்கத்தில் போன் நம்பரைக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் அழைப்புகள் ஆரம்பித்தன. மறுநாள் மதியத்துக்குள் முப்பதுக்கு மேல். நான்காவதாகப் பேசியவர் மிகவும் பொறுமையானவர். முதல் கேள்வியே ‘நீங்கள் சிட்டிசனா?’ என்பதுதான். விசா என்றேன். ‘செய்தி பார்க்கவில்லையா மேடம், குடியேறிகளுக்கு ஒபாமாகேரை நிறுத்திவிட்டார்கள். உங்களுக்கு இருப்பது தனியார் பிளான் மட்டும்தான்’ என்றார்.

நான் ஏன் நம்பினேன் என்றும் சொல்ல வேண்டும். அப்போது இரண்டு கட்சிகளின் பட்ஜெட் சண்டையில் அரசாங்கமே மூடிக்கிடந்தது. அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை, 43 நாள். ஒபாமாகேரின் கூடுதல் மானியம் டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிகிறது, அதை நீட்டிக்க வேண்டும் என்பதுதான் அந்தச் சண்டையின் மையம். ஆனால் ‘சட்டவிரோதக் குடியேறிகளுக்கு இலவச வைத்தியம் கொடுக்கத்தான் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் அரசை முடக்குகிறார்கள்’ என்று குடியரசுக் கட்சித் தலைவர்கள் நாள் தவறாமல் டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். செப்டம்பரில்தான் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அதிபர் அறிவித்திருந்தார். கேட்ட செய்தி எல்லாமே நமக்கு எதிராக இருந்தபோது, இதுவும் உண்மையாகத்தான் இருக்கும் என்று மனம் ஒப்புக்கொண்டது.

‘அரசாங்கத் தளத்தில் விண்ணப்பித்தால் கிரீன் கார்டு கேஸில் சிக்கல் வரும்’ என்று அடுத்து சொன்னார். பல ஆண்டுகளாக கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவர்கள் நாங்கள். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

உண்மை என்ன என்று அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். உரிய ஆவணங்கள் இல்லாதவர்கள் ஒபாமாகேர் சந்தையில் முழுப் பணம் கொடுத்துக்கூட வாங்க முடியாது. 2010-இல் சட்டம் வந்ததிலிருந்தே அப்படித்தான். எச்-1பி, எச்-4 (எச்-1பி-காரரின் மனைவி அல்லது கணவர், பிள்ளைகள்), எஃப்-1 (மாணவர்) போல சட்டப்படி இருப்பவர்கள் வாங்கலாம். நான் போனில் பேசிய அன்றும் வாங்கியிருக்கலாம். டிசம்பர் 1 முதல் கவரேஜ் ஆரம்பித்திருக்கும். என் மகன் பிறந்ததே இங்கேதான், அவன் அமெரிக்கக் குடிமகன். அவனுக்கும் சேர்த்தே அந்த ஆள் பொய் சொன்னார். முழு விலை கொடுத்தே ‘வெண்கலம்’ (Bronze) எனப்படும் ஒரு சாதாரண பிளான் எங்கள் மூவருக்கும் மாதம் 1,200 டாலர் அளவில் கிடைத்திருக்கும். அவர் விற்றது 489 டாலர், அதோடு சேர்க்கைக் கட்டணம் 125. விலையைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பணம் கட்டும் முன், பேச்சைப் பதிவு செய்யும் ஓர் அழைப்பு. ‘எதைக் கேட்டாலும் யெஸ் என்று மட்டும் சொல்லுங்கள், இடையில் கேள்வி கேட்டால் மறுபடி முதலிலிருந்து வரவேண்டும்’ என்றார். ‘இது முழுமையான மருத்துவக் காப்பீடு இல்லை என்று புரிந்துகொண்டேன்’ என்ற வாக்கியத்துக்கும் நான் யெஸ் சொல்லியிருக்கிறேன். அவ்வளவு வேகமாகப் படித்தார்கள். பாலிசிப் பத்திரம் மெயிலில் வந்ததே பணம் போன பிறகுதான். அட்டையில் ‘பிபிஓ’ என்று, உண்மையான காப்பீட்டு வகை ஒன்றின் பெயர் பெரிய எழுத்தில். பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

ஜனவரி 9-ஆம் தேதி இரவு மகனுக்கு வயிற்று வலி. எமர்ஜென்சி, ஸ்கேன், விடியற்காலையில் ஆபரேஷன், இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரியில். பிள்ளை நல்லபடியாக வீட்டுக்கு வந்தான். அதற்கு அந்த டாக்டர்களை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். பில் 47,300 டாலர். நான் வாங்கிய பிளான் கொடுத்தது 1,200 டாலர்: எமர்ஜென்சிக்கு 50, ஆபரேஷனுக்கு 750, தங்கிய நாளுக்கு 200 வீதம் 400.

இதை ‘ஃபிக்ஸட் இண்டெம்னிட்டி’ என்கிறார்கள். பில் எவ்வளவு வந்தாலும் அவர்கள் தருவது அட்டவணையில் உள்ள தொகைதான். ஒபாமாகேர் பிளானில் நாம் கட்டுவதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. நெட்வொர்க்குக்குள், அதாவது பிளானோடு ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போனால், 2026-இல் ஒருவருக்கு அதிகபட்சம் 10,600 டாலர், அதற்கு மேல் பிளான் பார்த்துக்கொள்ளும். இதில் உச்சவரம்பு நாம் கட்டுவதற்கு இல்லை, பிளான் கொடுப்பதற்குத்தான்.

என்னை அதிகம் வருத்தியது ஆஸ்பத்திரியின் நிதி ஆலோசகர் சொன்ன ஒரு விஷயம். கோப்ராவை ஏற்க, கவரேஜ் முடிந்த நாள் அல்லது கடிதம் வந்த நாள், இதில் பிந்தையதிலிருந்து 60 நாள் உண்டு. அதற்குள் ஏற்றால் பின்தேதியிட்டே செல்லும். அதாவது பணம் கட்டாமல் காத்திருந்து, ஏதாவது ஆனால் மட்டும் பழைய மாதங்களுக்கும் சேர்த்துக் கட்டி எடுத்துக்கொள்ளலாம். எங்கள் 60 நாள் ஜனவரி 3-ஆம் தேதி முடிந்திருந்தது. ஆறு நாள் தாமதம். டிசம்பரில் கணவர் சேர்ந்த புதிய கம்பெனியின் இன்சூரன்ஸ் பிப்ரவரி 1-ஆம் தேதிதான் ஆரம்பம். வேலை போனவர்கள் அந்தக் கடிதத்தை விலையைப் பார்த்துத் தூக்கிப்போட வேண்டாம். கடைசித் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

பில் வந்ததும் கட்டிவிடாமல், விவரமாகப் பிரித்த பில் கேட்டோம். அது லாப நோக்கற்ற ஆஸ்பத்திரி. அப்படிப்பட்டவை நிதி உதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வேலையில்லாத மாதங்களின் வங்கிக் கணக்கைக் கொடுத்து விண்ணப்பித்தோம். 14,400 டாலராகக் குறைத்தார்கள். மாதம் 600 வீதம் 24 மாதம் கட்டுகிறோம். டெக்சாஸ் மாநில இன்சூரன்ஸ் துறையிலும், நுகர்வோரை ஏமாற்றுபவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கும் மத்திய அமைப்பான எஃப்.டி.சி.யிலும் புகார் கொடுத்தேன். மாநிலத் துறை கடிதம் அனுப்பிய பிறகு இரண்டு மாதப் பிரீமியம் 978 டாலர் திரும்பி வந்தது. மீதி வரவில்லை. இப்படி விற்பது புதிதும் இல்லை. 2018-இல் புளோரிடாவில் ஒரு கும்பலின் மேல் எஃப்.டி.சி. வழக்குப் போட்டு, 2024-இல் 195 மில்லியன் டாலர் தீர்ப்பு வாங்கியிருக்கிறது.

யாராவது பிளான் விற்றால் ‘சம்மரி ஆஃப் பெனிஃபிட்ஸ் அண்ட் கவரேஜ்’ என்ற தாளை, பணம் கட்டும் முன் அனுப்பச் சொல்லுங்கள். உண்மையான மருத்துவக் காப்பீட்டுக்கு அதைக் கொடுத்தே ஆக வேண்டும். என்னிடம் விற்றவரிடம் பிறகு கேட்டபோது லைனைத் துண்டித்தார். ஏஜென்டின் லைசென்ஸ் எண்ணை மாநிலத் துறையின் தளத்தில் பார்க்கலாம். போன் நம்பரை எங்கும் போடாமல் நேராக அரசின் தளமான ஹெல்த்கேர்.கவ் (healthcare.gov) போங்கள். இலவசமாக உதவும் ‘நேவிகேட்டர்’ ஆட்களுக்கான நிதியை 2025-இல் 98 மில்லியனிலிருந்து 10 மில்லியனாகக் குறைத்துவிட்டார்கள். அந்த இடத்தைத்தான் இந்தப் போன்காரர்கள் பிடித்துக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

என் கணவர் 11 ஆண்டாகச் சம்பளத்தில், முதியோருக்கான அரசுக் காப்பீட்டுக்குப் போகும் மெடிக்கேர் வரி கட்டுகிறார். அதைச் சொல்லிக் காட்ட வேண்டிய நிலைக்கு வந்துவிட்டோம் என்பதே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. குடியேறிகள் இலவசமாகச் சாப்பிடுகிறார்கள் என்று மேடையில் பேசுபவர்களுக்கு ஓட்டு கிடைக்கிறது. அந்தப் பேச்சைக் கேட்டுப் பயந்தவர்களிடம் இன்னொருவர் பணம் பார்க்கிறார்.

2027-க்கான பிளான்கள் விற்பனைக்கு வரும் 2026 நவம்பரில் இன்னும் கவனம் தேவை. 2025 ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்தான சட்டப்படி, 2027 முதல் எச்-1பி, எச்-4 போன்ற விசாக்காரர்களுக்கு ஒபாமாகேர் மானியம் கிடையாது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் வேறு சில பிரிவினருக்கும் மட்டும்தான். மானியம் போகிறதே தவிர, முழு விலையில் வாங்கும் உரிமை அப்படியே இருக்கிறது. இந்த இரண்டையும் கலந்து பேசுவார்கள். உங்களுக்கும் அப்படி அழைப்பு வந்து வாங்கியிருந்தால், இன்றே பாலிசிப் பத்திரத்தை எடுத்து முதல் பக்கத்தைப் படியுங்கள். என்னுடையதில் ‘இது முழுமையான மருத்துவக் காப்பீடு இல்லை’ என்ற வரி சின்ன எழுத்தில், மூன்றாவது பத்தியில் இருந்தது.