180 பவுண்டு பொடி டப்பா: வீனஸும் அடோனிஸும் ஒரு நாயும்

லண்டன் போர்ட்டோபெல்லோ சாலைச் சந்தையில் ஒரு சனிக்கிழமை காலை இந்த எனாமல் மூக்குப்பொடி டப்பாவை வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம்.

உள்ளங்கையில் அடங்குகிற டப்பா. செம்புத் தகட்டின் மேல் எனாமல், பொன்முலாம் பூசிய விளிம்பு. மூடியில், வேட்டைக்குக் கிளம்பும் காதலன் அடோனிஸின் கையைப் பிடித்துக்கொண்டு போகாதே என்று கெஞ்சுகிறாள் ரோமானியக் காதல் தெய்வம் வீனஸ். அன்றைக்குக் காட்டுப்பன்றி குத்திச் சாகப்போகிறவன் அவன், ஆனால் முகத்தில் அவசரம் மட்டும்தான். நடுவே நிற்கும் வேட்டை நாய் அவளையே பார்க்கிறது. அந்த நாய்க்காகத்தான் வாங்கினேன் என்றால் வீட்டில் நம்பவில்லை (வீனஸ் மேல் துணி ரொம்பக் குறைவு).

18ஆம் நூற்றாண்டுக் கனவான்கள் பொடி டப்பாவை நாலு பேர் முன்னால் எடுத்து நீட்டுவார்கள், புராணக் காட்சி என்றால் நிர்வாணத்துக்கும் ஒரு மரியாதை கிடைத்துவிடும். துணிச்சல்காரர்கள் மூடியின் உட்புறத்தில் இன்னும் ஒருபடி மேலே போய் வரையச் சொல்வார்கள், அதை யாருக்குக் காட்டுவது என்பது டப்பாக்காரர் இஷ்டம். நானும் ஆசையாகத் திறந்து பார்த்தேன். வெறும் வெள்ளை.

சரி, அதைக்கூட விடலாம். "1770 வாக்கில்" என்று ரசீதிலேயே எழுதிக் கொடுத்திருந்தார் கடைக்காரர். பழம்பொருள் தெரிந்த நண்பர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, 250 வருஷம் திறந்து மூடிய கீல் இப்படித் தேயாமல் இருக்குமா, அடியில் ஒரு கீறலாவது வேண்டாமா என்று கேட்டார். புற ஊதா விளக்கைக் காட்டியதும் வீனஸின் தோளருகே ஒரு திட்டு தனியாகத் தெரிந்தது. உடைந்த இடத்தை அடைத்து மேலே வண்ணம் பூசியிருக்கிறார்கள். 1845இல் பாரிஸில் தொடங்கிய சாம்சன் நிறுவனம் பழைய பீங்கான், எனாமல் பொருட்களுக்கு நகல் செய்வதில் பேர்போனது, இதுவும் அந்த மாதிரி 19ஆம் நூற்றாண்டு நகலாகத்தான் இருக்கும் என்பது அவர் கணிப்பு. கடைக்காரரிடம் திரும்பப் போனேன். பணம் தர முடியாதாம், வேறு பொருள் எடுத்தால் 40 பவுண்டு கழிப்பாராம்.

நகல் என்று சொல்லி 80 பவுண்டுக்குத் தந்திருந்தால் சந்தோஷமாகவே வாங்கியிருப்பேன். வாங்கப் போகிறவர்கள் முதலில் லண்டன் மான்செஸ்டர் சதுக்கத்தில் உள்ள வாலஸ் கலெக்‌ஷன் அருங்காட்சியகத்துக்குப் போய் அசல் பாரிஸ் தங்க டப்பாக்களைப் பார்த்துவிடுங்கள், அனுமதி இலவசம். கையில் ஒரு புற ஊதா டார்ச்சும் இருக்கட்டும்.

மூடியும் இறுக்கமாக உட்காரவில்லை. பொடி போட்டால் பை முழுக்கத் தும்மல்தான், அதனால் ஏலக்காய் போட்டு வைத்திருக்கிறேன். 5க்கு 2, அந்த இரண்டும் நாய்க்கு.