கொலஸ்ட்ரோலுக்கு மூலிகைக் கப்சூல்: வெள்ளவத்தைப் பக்கம் இருப்பவர்கள் கவனம்

வயதான பெற்றோரோடு வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுக்க வாசியுங்கள். கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் மூலிகைச் சாறு என்று சொல்லி ஒரு கப்சூல் விற்கிறார்கள். காலி வீதியில் சின்னக் கடை. தொடர்மாடி வீடுகளுக்கும் ஆள் அனுப்புகிறார்கள். ஒரு போத்தல் 9,500 ரூபாய்.

என் அப்பாவுக்கு ஸ்டென்ட் (இதயத்தின் இரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்திருக்கிறது. இரவில் அட்டோவஸ்டட்டின் 40 மில்லிகிராம் குளிசை, கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டட்டின் வகை மருந்து. எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரோல், 66இல் நின்றது. அவருக்கு அது 70க்குக் கீழேதான் இருக்கவேண்டும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்த பெடியன் நல்ல மரியாதையாகப் பேசினானாம்: "ஐயா, இந்த இங்கிலிஷ் குளிசை ஈரலைக் கெடுக்கும். இதைத் தொடங்கினா அதை நிப்பாட்டலாம். பக்கவிளைவே இல்லை." அப்பா எங்களுக்குச் சொல்லாமல் நிறுத்திவிட்டார். அடுத்த ரிப்போர்ட்டில் எல்டிஎல் 131.

ரிப்போர்ட்டைக் கொண்டு கடைக்குப் போனேன். "பயப்படாதேங்கோ அக்கா, குழாயில ஒட்டியிருந்த கொழுப்பு உருகி இரத்தத்துக்கு வருது, அதுதான் கூடக் காட்டுது. இன்னும் ரெண்டு போத்தல் எடுத்தா இறங்கிடும்" என்றார்கள். பச்சைப் பொய். இரத்தத்தில் இருக்கும் எல்டிஎல்லை இழுத்தெடுப்பது ஈரல். ஸ்டட்டின் குளிசை ஈரலுக்குள் கொலஸ்ட்ரோல் உற்பத்தியைக் குறைப்பதால், ஈரல் தன் தேவைக்கு இரத்தத்திலிருந்து கூடுதலாக எடுக்கிறது. குளிசையை விட்டால் சில வாரங்களிலேயே பழைய அளவுக்கு ஏறிவிடும். அப்பாவுக்கு நடந்தது அதுதான். நெஞ்சுக்குள் ஸ்டென்ட் இருக்கும் மனிதரின் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே அப்படிச் சொன்னதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

லேபலில் குக்குலு என்ற மரப்பிசின், சிவப்பு ஈஸ்ட் அரிசி (பூஞ்சணம் சேர்த்துப் புளிக்க வைத்த அரிசி), உள்ளி, வெந்தயம், கறுவா, மொத்தம் 500 மில்லிகிராம் என்று இருக்கிறது. எது எவ்வளவு என்று இல்லை. பதிவு இலக்கமும் இல்லை. சிவப்பு ஈஸ்ட் அரிசியில் உருவாகும் மொனகோலின் கே, லோவஸ்டட்டின் என்ற ஸ்டட்டின் மருந்தேதான். தசைவலி, ஈரல் பாதிப்பு எல்லாம் அதிலும் வரலாம். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் சிவப்பு ஈஸ்ட் அரிசியிலிருந்து வரும் மொனகோலினை ஒரு நாளைக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாகக் கட்டுப்படுத்தியது. அளவு தெரியாத இந்தக் கப்சூலை டொக்டர் தந்த குளிசையோடு சேர்த்துப் போடுபவருக்கு இரண்டு ஸ்டட்டின் உள்ளே போகலாம். குக்குலுவை எட்டு வாரம் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2003இல் வெளிவந்தது. அதில் எல்டிஎல் குறையவில்லை, சற்று ஏறியது. சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது.

தாவரப் பொருள் எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. தாவர ஸ்டெரோல் (தாவரங்களில் இருக்கும் கொலஸ்ட்ரோல் போன்ற பொருள்) நாளுக்கு 2 கிராம் எடுத்தால் எல்டிஎல் 8 முதல் 10 வீதம் வரை குறையும். இசப்கோல் உமி, ஓட்ஸ் இரண்டும் கொஞ்சம் உதவும். ஆனால் அப்பா போட்ட 40 மில்லிகிராம் குளிசை கிட்டத்தட்டப் பாதியைக் குறைக்கும். அந்த இடத்தை இவை பிடிக்காது. ஏற்கெனவே இதய நோய் உள்ளவரிடம் குளிசையை நிறுத்தச் சொல்ல எந்த வியாபாரிக்கும் உரிமை இல்லை.

அப்பா பழைய குளிசைக்குத் திரும்பிவிட்டார். திறந்த போத்தலுக்குக் காசைத் திருப்பித் தர மாட்டோம் என்கிறார்கள் கடைக்காரர்கள். பில் கேட்டால் கையால் எழுதிய துண்டுதான் தந்தார்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்து முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். நாவின்னவில் இருக்கும் ஆயுர்வேதத் திணைக்களத்துக்கும் லேபலின் படத்தோடு கடிதம் போகிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு போத்தல் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். போத்தலையும் அந்தத் துண்டையும் பத்திரமாக வைத்து நீங்களும் முறைப்பாடு கொடுங்கள்.