‘பா நான்கு வம்’: வாசிக்கும் செயலியோடு நான்கு ஆண்டுகள்

போன வாரம் வில்லிவாக்கத்திலிருந்து பழைய அச்சக நண்பர் அழைத்தார். அவருடைய அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை அறுவை முடிந்திருக்கிறதாம். நாளிதழை வரி விடாமல் படித்துப் பழகியவர், இப்போது தவித்துப்போயிருக்கிறார். “நீங்கள் ஏதோ வாசித்துக் காட்டும் செயலி வைத்திருக்கிறீர்களே, சார், பணம் கட்டலாமா?” என்றார் நண்பர். ஒரு வார்த்தையில் சொல்ல முடியாது என்றேன். “அப்படியென்றால் இரண்டு வார்த்தையில் சொல்லுங்கள்” என்றார். அதுவும் முடியாததால் எழுதுகிறேன்.

செயலியின் பெயர் வேண்டாம். எழுத்தைக் கொடுத்தால் தமிழில் வாசிக்கும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், ஆண்டுச் சந்தா உண்டு. இவ்வளவும் பல செயலிகளில் இருப்பதுதான்.

நான் மெய்ப்புத் திருத்துபவன். மேற்கு மாம்பலத்தில் வீட்டிலிருந்தே வேலை. கார்த்திகை பிறந்தால் சபாக்களின் விழா மலர்கள் வரத் தொடங்கும். மார்கழி பிறப்பதற்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அப்படி ஓர் அவசர இரவில், மூன்று முறை படித்துச் சரி போட்ட அழைப்பிதழைக் கண் எரிச்சல் தாங்காமல் செயலியிடம் கொடுத்தேன். அது நிதானமாக, ஓர் உணர்ச்சியும் இல்லாமல், “இவ்விழாவில் கலந்துகொல்லும் வித்வான்கள்” என்று வாசித்தது. தூக்கிவாரிப் போட்டது. திரும்பிப் பார்த்தால் அப்படித்தான் அச்சாகியிருந்தது. மூன்று முறையும் என் கண் அந்த ‘ல்’லை ‘ள்’ளாகவே பார்த்திருக்கிறது.

அன்றைக்கே சந்தா கட்டினேன். கண்ணுக்கு ஒரு குணம் உண்டு, எது இருக்க வேண்டுமோ அதைப் படித்துக்கொண்டு போய்விடும். செயலிக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. ‘அந்த அந்த’ என்று இரண்டு முறை அடித்திருந்தால் இரண்டு முறை சொல்லும். ஒரு வரி விட்டுப்போயிருந்தால் பள்ளத்தில் இறங்கிய பஸ்ஸைப் போலக் காதில் குலுங்கும். மழை மலையானாலும், வாழை வாளையானாலும் கேட்டுவிடும். ஆனால் ‘ர’வுக்கும் ‘ற’வுக்கும், ‘ந’வுக்கும் ‘ன’வுக்கும் இதை நம்பாதீர்கள். சென்னையில் நாமே வித்தியாசம் இல்லாமல் பேசும்போது அதைக் குறை சொல்வானேன். அந்த இடங்களுக்குக் கண்தான்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். அந்தக் கோபத்துக்குப் பெயர் ‘பாவம்’.

சபா மலரில் இந்தச் சொல் வராத பக்கம் இருக்காது. ராக பாவம், பக்தி பாவம், பாவத்தில் தோய்ந்த ஆலாபனை. இங்கே பாவம் என்றால் பாட்டில் வெளிப்படும் உணர்ச்சி. செயலி ஒவ்வொரு முறையும் அதைப் புண்ணியத்துக்கு எதிரான பாவமாகவே வாசிக்கும். “இவர் பாட்டில் பாவம் அதிகம்” என்று அது சத்தமாகச் சொன்னபோது, சமையலறையிலிருந்து என் மனைவி, “யார் என்ன பாவம் செய்தார்கள்?” என்று கேட்டாள். சரியான உச்சரிப்பு எது என்று இங்கே எழுதிக் காட்டலாம் என்றால், தமிழில் அதற்கும் இதே எழுத்துதான். கம்பத்தின் நடுவில் வரும் ‘ப’வைக் கொண்டுபோய்ச் சொல்லின் முதலில் வைத்து, கொஞ்சம் மூச்சையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்.

எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருள் செய்யும் வேலை படிப்படியானது. முதலில் எண்களையும் சுருக்கங்களையும் சொற்களாக விரிக்க வேண்டும், பிறகு எழுத்தை ஒலியாக மாற்ற வேண்டும், எது நீள, எது ஏற, எங்கே நிற்க என்று முடிவு செய்ய வேண்டும், கடைசியாகக் குரல். இரண்டாவது படியில் ஆங்கிலத்துக்கு அகராதியே தேவைப்படுகிறது. தமிழுக்கு விதி போதும். கல், பக்கம், பங்கு, பகல் என்ற நான்கிலும் ஒரே ‘க’தான், ஆனால் இடத்துக்கேற்ப ஒலி மாறுகிறது. முதலிலும் இரட்டிப்பிலும் வன்மை, மெல்லினத்துக்குப் பின் வேறு, உயிர்களுக்கு நடுவே தளர்ச்சி. நம் சொற்களுக்கு இந்த விதி கச்சிதமாகப் பொருந்தும். வடமொழிச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் நுழைந்த இடத்தில்தான் உடைகிறது. கிண்டிப் பக்கம் ஐஐடியில் பேராசிரியர் ஹேமா மூர்த்தியின் குழு இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒலிக்குறிப் பட்டியல் ஒன்றை வகுத்து வேலை செய்தபோதும், தமிழுக்கென்று தனி விதிகள் சேர்க்க வேண்டியிருந்தது. தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் எழுத்திலேயே வித்தியாசம் தெரியும். நமக்குத் தெரியாது. ஆகவே பைரவி, பிலஹரி, பேகடா மூன்றும் செயலியின் வாயில் யாரோ ஊர் பேர் தெரியாத ராகங்களாகிவிடுகின்றன. பேகடாவின் ‘க’ வேறு நடுவில் ஹகரமாகத் தேய்ந்துபோகும்.

இதற்கு நம் முன்னோர் ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். கீர்த்தனைப் புத்தகங்களில் எழுத்தின் தலைமேல் குட்டி எண்கள் போடுவது. ‘பா4வம்’, ‘கோ3விந்த3’ என்று. வடமொழியில் அந்த எழுத்துக்குரிய நான்கு ஒலிகளில் எத்தனையாவது என்று எண்ணைப் பார்த்துப் பாடகர் தெரிந்துகொள்வார். போன ஆண்டு மலரில் ஒரு சபா எல்லாச் சாகித்தியங்களையும் இந்த முறையிலேயே அச்சிடச் சொன்னது. செயலியிடம் கொடுத்தேன். “பா நான்கு வம்” என்றது. அடுத்து, “கோ மூன்று விந்த மூன்று.” அரைமணி நேரம் பகவானை எண்ணிக்கொண்டே இருந்தது. உச்சரிப்புக் குழப்பம் வரக் கூடாது என்று மனிதன் போட்ட எண்ணையே குழப்பமாக்கிய இந்தக் கருவிக்குச் சந்தா கட்டுகிறேனே என்று எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

‘மாலை 6.30 மணி’யை “ஆறு புள்ளி மூன்று பூஜ்யம்” என்பதும், திரு.வி.க. நகரை நான்கு துண்டாக்குவதும் பழகிவிட்டன. அவற்றை விடுங்கள்.

ஆறு மாதங்களுக்கு முன்பு ஒரு புதுப்பிப்பு வந்தது. பழைய குரல், பதிவுசெய்த ஒலித்துண்டுகளைக் கோத்துச் செய்தது, ஒட்டு தெரியும். புதியது நரம்பியல் வலைப்பின்னல் வகை, பேச்சுப் பதிவுகளிலிருந்து தானே பேசக் கற்றது. 2016-இல் கூகுளின் டீப்மைண்ட் உருவாக்கிய வேவ்நெட் வந்த பிறகு பெரும்பாலான குரல்கள் இந்த வழிக்குப் போய்விட்டன. மூச்சு விடுகிறது, கேள்விக்குக் குரலை உயர்த்துகிறது, கேட்க அவ்வளவு இதம். ராக பாவத்தைச் சரியாகச் சொன்னது! அன்று மாலை தெருமுனைக் கடையில் பால் வாங்கப் போனவன் அந்த மகிழ்ச்சியில் தேங்காயும் வாங்கி வந்தேன். இரண்டு நாள் கழித்து ஒரு சிறுகதையைக் கொடுத்தேன். கிழவி வழுக்கி விழுகிறாள், பக்கத்து வீட்டுக்காரி “ஐயோ பாவம்” என்கிறாள். இந்தக் குரல் அதை சபா மேடைப் பாவமாக, மூச்சழுத்தி வாசித்தது.

அதுகூடப் பொறுப்பேன். பொறுக்க முடியாதது வேறு. இந்தக் குரல் விழுங்குகிறது. எழுத்தில் ‘அந்த அந்த’ என்று இருந்தால், சில நேரம் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு அழகாக மேலே போகிறது. இவ்வகைக் குரல்களுக்கு அப்படி ஒரு பழக்கம் உண்டு, சொல்லைத் தவறவிடுவது, அல்லது ஒன்றையே இருமுறை சொல்வது. மனிதரைப் போலவே பேசக் கற்றது, மனிதரின் கண்ணைப் போலவே ஏமாற்றவும் கற்றுக்கொண்டது. நான் எதற்காகப் பணம் கட்டினேனோ அதுதான் போயிற்று.

வங்கியில் வேலை பார்க்கும் பார்வையற்ற நண்பரிடம் புலம்பினேன். அவர் கணினியில் என்விடிஏ திரைவாசிப்பானோடு வரும் ஈஸ்பீக் குரலில்தான் தமிழ் கேட்கிறார். தகரத்தைத் தட்டுவது போன்ற குரல். எனக்கு ஒரு சொல்கூடப் புரியாத வேகத்தில் ஓடவிட்டு டீ குடிக்கிறார். “இனிமை உங்களுக்கு சார், எனக்குத் தெளிவு போதும்” என்றார். பொறாமையாக இருந்தது.

அமைப்புகளுக்குள் தேடியதில் பழைய குரலைத் தனியாகத் தரவிறக்கும் வழி கிடைத்தது. இப்போது முதல் சுற்று அதிலே, ஒட்டுத் தெரியும் அந்தப் பழைய பெண்மணியிடம். புதியவளை மதிய உணவுக்குப் பிறகு கதை கேட்க மட்டும் வைத்திருக்கிறேன்.

வில்லிவாக்கம் நண்பருக்குச் சொன்ன பதில்: வாங்க வேண்டாம். பேத்தி பள்ளியிலிருந்து வந்ததும் அரைமணி நேரம் வாசிக்கச் சொல்லுங்கள், அம்மாவும் மகிழ்வார். மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. நேற்று மாலை கேட்டிருந்தால் நான்கு கொடுத்திருப்பேன். அப்போது ஒரு மலரில் ‘சங்கீத வித்வான்’ என்பது ‘சங்கீத விதவான்’ ஆனதைப் பிடித்துக் கொடுத்திருந்தது. இன்று காலை மறுபடியும் அந்த “பா நான்கு வம்.” ஐந்தாம் ஆண்டுச் சந்தாவைப் பத்து மணிக்குக் கட்டியாகிவிட்டது, கட்டிய பிறகுதான் இந்த மலரைக் கொடுத்தேன்.