ரெவல்யூஷனா, நியூ நார்த்வெஸ்டா?

அமெரிக்கப் பெண்கள் வாக்குரிமைக்காக நடத்திய பத்திரிகைகளில் எதை முதலில் படிப்பது என்று கேட்பவர்களுக்கு.

ஆயுள்: சூசன் ஆந்தனி நியூயார்க்கில் 1868-ல் தொடங்கிய 'ரெவல்யூஷன்' 1870-லேயே கைமாறியது. அபிகேல் ஸ்காட் டனிவேயின் 'நியூ நார்த்வெஸ்ட்' ஒரிகான் மாநிலத்தின் போர்ட்லாந்தில் 1871 முதல் 1887 வரை வந்தது.

பணம்: முன்னதற்கு ஜார்ஜ் டிரெயின் என்ற பணக்காரரின் உதவி, அது நின்றதும் சுமார் 10,000 டாலர் கடன். ஆந்தனி சொற்பொழிவாற்றியே அடைத்தார். பின்னது குடும்பத் தொழில். பிள்ளைகளே அச்சுக் கோத்தார்கள். டனிவே ஊர் ஊராகப் பேசிச் சந்தா சேர்த்தார், தொடர்கதையும் எழுதினார்.

எதிர்ப்பு: இதில் டனிவே கதைதான் சுவாரஸ்யம். 'ஒரிகோனியன்' நாளிதழின் ஆசிரியர் ஹார்வி ஸ்காட், டனிவேயின் சொந்தத் தம்பி, வாக்குரிமையை எதிர்த்தார். வீட்டுச் சண்டை தலையங்கத்துக்கே வந்துவிட்டது! மதுவிலக்கோடு வாக்குரிமையைக் கலக்காதீர்கள் என்று டனிவே சொன்னதால் சக போராளிகளும் அவர்மேல் கோபப்பட்டார்கள்.

சரி, எது யாருக்கு? கொள்கை விவாதம் வேண்டுமென்றால் அதன் ஆசிரியர்களில் ஒருவரான எலிசபெத் ஸ்டாண்டனின் கூர்மைக்காக ரெவல்யூஷன். களவேலை எப்படி நடந்தது என்று பார்க்க நியூ நார்த்வெஸ்ட். ஒரிகான் பெண்கள் 1912-ல் வாக்குரிமை வென்றபோது, அதை அறிவித்த பிரகடனத்தை எழுதியவர் எழுபத்தெட்டு வயது டனிவே.