வாய் என்னுடையது, பேச்சு அவளுடையது: ஃபால்அவுட் 4, மூன்றாம் முறை

அணுப்போருக்குப் பிந்தைய உலகில் நடக்கும் ஃபால்அவுட் வீடியோ கேம் வரிசையில் ஒன்றான நியூ வேகாஸை ஆடிய நாள்களில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. என் கதாபாத்திரம் பேசவேண்டிய வரியைத் தேர்ந்தெடுக்கும் முன் அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். மிரட்டல் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு, கெஞ்சல் என்றால் குரலை இறக்கி. அடுத்த அறையிலிருந்து தம்பி "யாருகூடக்கா பேசிட்டிருக்க?" என்று கத்துவான். 2010-இல் வந்த அந்த கேமில் நம் ஆளுக்குக் குரல் கிடையாது, எழுத்து மட்டும்தான். அந்தக் குரலை நானே போட்டுக்கொண்டிருந்தேன்.

2015 நவம்பரில் ஃபால்அவுட் 4 வந்ததும் முதல் அரைமணி நேரத்திலேயே பழக்கம் போய்விட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் என் கதாபாத்திரமான அவளே சொந்தக் குரலில் பேசிவிட்டாள். இப்போது மூன்றாவது தடவையாக அதை முழுதாக ஆடி முடித்திருக்கிறேன். நான் எழுதப்போவது அந்தக் குரலைப் பற்றி மட்டும்தான். துப்பாக்கிச் சண்டையும் குடியிருப்பு கட்டுவதும் நன்றாகவே இருக்கின்றன. சரி, அந்தக் கணக்கு முடிந்தது.

கேம் தொடங்குவது குளியலறைக் கண்ணாடி முன். இந்தத் தடவை நான் செய்த முகம் அறுபதைத் தாண்டிய ஒருத்தி: நரைத்த தலை, நெற்றி நிறையச் சுருக்கம், கன்னத்தில் தழும்பு. கொஞ்ச நேரத்தில் வால்ட்-டெக் என்ற பதுங்குகுழி நிறுவனத்தின் விற்பனையாளர் கதவைத் தட்டிப் படிவம் நீட்டுவார். அதில் பத்துக்கு வலு 9, புத்தி 1 என்று போட்டேன். வாயைவிடக் கை முந்துகிற ஆள் வேண்டும் என்று ஆசை. ஆனால் அவள் பேசியதோ முப்பது வயது, படித்த, நிதானமான குரலில். கதைப்படி அவள் வக்கீல். ஆணாக ஆடினால் ராணுவத்திலிருந்து வந்தவன். புத்தி 1 என்று எழுதிக்கொடுத்த கிழவி, கடைசிவரை வக்கீலாகவே பேசிக்கொண்டிருந்தாள்.

1997-இல் வந்த முதல் ஃபால்அவுட்டில் புத்தியை அடிமட்டத்தில் வைத்தால் நம் ஆளுக்குக் கோர்வையாகப் பேச்சே வராது. உறுமலும் முனகலும்தான். எதிரில் இருப்பவர்கள் பரிதாபப்படுவார்கள், இல்லை துரத்திவிடுவார்கள். எழுத்தாக இருந்ததால் அது முடிந்தது. நியூ வேகாஸிலும் குட்ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ஈஸி பீட் என்று ஒரு கிழவர் இருப்பார். உங்களுக்கு வெடிமருந்து பற்றித் தெரிந்திருந்தால் அதைச் சொல்லியே டைனமைட்டைத் தர அவரைச் சம்மதிக்க வைக்கலாம். வைத்தியம், அறிவியல் என்று நான் வளர்த்த ஒவ்வொரு திறனுக்கும் ஏதோ ஒரு மூலையில் ஒரு வரி காத்திருந்தது. ஃபால்அவுட் 4-இல் பேச்சில் சாதிக்கப் பெரும்பாலும் வசீகரம் ஒன்றுதான். எவ்வளவு கஷ்டம் என்பதை வரியின் நிறம் சொல்லும்: மஞ்சள் என்றால் சுலபம், ஆரஞ்சு நடுத்தரம், சிவப்பு கஷ்டம். சிவப்பைப் பார்த்தால் உடனே ஒரு சேவ் போட்டுக்கொள்வேன். நீங்களும் போட்டிருப்பீர்கள்.

நடிகை மேல் குறை சொல்லமாட்டேன். பெண் குரல் கோர்ட்னி டெய்லர். மாஸ் எஃபெக்ட் 2 என்ற இன்னொரு கேமில் உடம்பெல்லாம் பச்சை குத்திய ஜாக்காகக் கொதித்தவர் அவர்தான். ஆத்திரம் வராத தொண்டை அல்ல அது. ஆணுக்குக் குரல் கொடுத்தவர் பிரையன் டெலானி. ஆளுக்கு 13,000 வரிகளுக்கு மேல் பதிவு செய்திருக்கிறார்கள். எனக்குச் சிக்கலே அந்த எண்ணிக்கையில்தான் தெரிகிறது. எழுத்தில் ஒரு வரி கூட்ட ஒரு ஆளின் சில நிமிடங்கள் போதும். குரல் என்று வந்துவிட்டால் அதே வரிக்கு இரண்டு பேரை ஸ்டூடியோவுக்குக் கூப்பிடவேண்டும். முட்டாள் கிழவிக்கென்று தனியாக இன்னொரு 13,000 வரியை யார் பதிவு செய்யப்போகிறார்கள்?

அப்புறம், பதிலைத் தேர்ந்தெடுக்கும் அந்த நான்கு பட்டன்கள். பெரும்பாலும் கீழே ஒத்துக்கொள்வது, வலப்பக்கம் மறுப்பது, மேலே கேள்வி, இடப்பக்கம் கிண்டல் அல்லது நழுவல். ஒவ்வொன்றிலும் ஓரிரு சொல்தான் தெரியும். அவள் உண்மையில் என்ன சொல்லப்போகிறாள் என்பது அவள் சொன்ன பிறகுதான் நமக்குத் தெரியும். 'கிண்டல்' என்று போட்டிருக்கும். லேசாகச் சீண்டலாம் என்று நினைத்து அழுத்துவேன். அவள் எதிராளியின் மூக்கை உடைத்துவிட்டு நிற்பாள். பழைய கேம்களில் தப்பாகப் பேசினால் அது என் தப்பு. இங்கே பக்கத்தில் நின்று "ஐயோ, நான் அப்படிச் சொல்லலையே" என்று மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது. மறுப்பிலும் பெரிய பலமில்லை. கூட்டாளியாக வரும் ப்ரெஸ்டன் கார்வியிடம் சும்மா பேச்சுக் கொடுத்தாலே இன்னொரு குடியிருப்பைக் காப்பாற்றும் வேலை தலையில் ஏறிவிடும்.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒன்றை ஒத்துக்கொள்ளவேண்டும். குட்நெய்பர் என்ற ஊரில் கென்ட் கொனொலி என்பவர் கொடுக்கும் சில்வர் ஷ்ரவுட் குவெஸ்ட், அதாவது ஒரு கிளைப் பணி. பழைய வானொலி நாடக நாயகன் ஒருவனின் கோட்டையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு, ரவுடிகளிடம் அவன் பாணியிலேயே பேசலாம். டெய்லர் அந்த இடத்தில் குரலைக் கனமாக்கி, நீட்டி முழக்கி வசனம் விடுவதைக் கேட்டு நான் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன். எழுத்தில் இதைப் படித்திருந்தால் புன்னகையோடு போயிருக்கும். யோசித்துப் பார்த்தால் அங்கே நானும் அவளும் ஒரே வேலையைச் செய்கிறோம்: இருவரும் வேறு யாரோ போல நடிக்கிறோம்.

மற்ற நேரங்களில் இருவருக்கும் ஒத்துப்போவதில்லை. கதையில் அவள் மகன் ஷானைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவனைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறது, நன்றாகவே நடித்திருக்கிறார். பேச்சு முடிந்த அடுத்த நொடி நான் அவளை மேஜை விசிறி பொறுக்கக் கூட்டிப் போகிறேன். துப்பாக்கியை மேம்படுத்த ஸ்குரூ வேண்டும், விசிறியை உடைத்தால் அது கிடைக்கும். குரல் இல்லாத ஆளாக இருந்தால் இந்த முரண் இவ்வளவு உறுத்தியிருக்காது.

அதற்காகக் குரலே கூடாது என்று சொல்ல வரவில்லை. விட்சர் 3 என்ற கேமில் நாயகன் கெரால்ட் பேசுவது எனக்குத் தொந்தரவாக இல்லை. அவன் கெரால்ட், நான் அவனுக்கு வழிகாட்டுகிறேன், அவ்வளவுதான் ஒப்பந்தம். டிஸ்கோ எலிசியம் என்ற கேம் இன்னும் கெட்டிக்காரத்தனம் செய்தது. 2021-இல் வந்த ஃபைனல் கட் பதிப்பில் ஊர் மொத்தமும் பேசுகிறது, நாயகனின் மண்டைக்குள் இருக்கும் 24 திறன்களும் பேசுகின்றன, அவன் வாயிலிருந்து நாம் தேர்ந்தெடுக்கும் வரிகள் மட்டும் எழுத்தாகவே நிற்கின்றன. ஃபால்அவுட் 4 செய்தது இரண்டுங்கெட்டான் வேலை. முகம், பெயர், திறன் எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்துவிட்டு நாக்கை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது. இதே கேமை எடுத்தவர்கள் 2023-இல் ஸ்டார்ஃபீல்டு என்ற அடுத்த கேமுக்கு மறுபடி பேசாத நாயகனிடமே திரும்பிவிட்டார்கள்.

கதையை விட்டுவிட்டு ஊர் சுற்றி, சுட்டு, பொறுக்கி, கட்டுகிறவர் என்றால் தாராளமாக வாங்கலாம். தன் கையால் ஒரு ஆளை உருவாக்கி அந்த ஆளாகவே பேசிப் பழகியவர் நியூ வேகாஸை முதலில் ஆடட்டும்.

நான் இப்போது நான்காவது தடவை தொடங்கிவிட்டேன். ரசிகர்கள் செய்த மாற்றங்கள், அதாவது மோட், இரண்டு போட்டிருக்கிறேன். ஒன்று, அவள் சொல்லப்போகும் வரியை முழுதாகக் காட்டும். இன்னொன்று அவள் குரலை அணைத்துவிடும். அதே கிழவி, அதே புத்தி 1. உதடு மட்டும் சத்தமில்லாமல் அசைகிறது, நான் மேலே டப்பிங் கொடுக்கிறேன். நேரம் சரியாக விழுவதில்லை, பரவாயில்லை. குட்நெய்பர் வந்ததும் அந்த இரண்டாவது மோடை மட்டும் எடுத்துவிட்டேன். கோட்டும் தொப்பியும் இருக்கும்வரை அவளே பேசட்டும்.