ராஜா சாரைச் சந்திக்க வைப்பதாகச் சொல்லி 23,500 ரூபாய் பறித்துவிட்டார்கள். பெங்களூரில் இருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

இன்று காலை வங்கியும் கையை விரித்துவிட்டது. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இதை எழுத ஆரம்பித்தேன். ஆறிப்போன பிறகு எழுதினால் பாதியை விட்டுவிடுவேன். என் பணம் 23,500 ரூபாய் போய்விட்டது. அதில் 5,000 என் அப்பாவின் பென்ஷன் பணம்.

அப்பாவுக்கு 71 வயது. கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பத்தாயிரம் அடிக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. 2001-இல் மூடியபோது சுற்றியிருந்தவர்கள் பலர் தினமும் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்கு வர ஆரம்பித்தார்கள். அப்பா மட்டும் சுரங்கத் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டை விட்டு நகரவில்லை. நான் அல்சூரில் இருக்கிறேன், எத்தனை முறை கூப்பிட்டும் இங்கே வந்து தங்க மாட்டார்.

அவருக்கு இளையராஜா என்றால் உயிர். 1976-இல் ராஜா சாரின் முதல் படம் வந்தபோது அப்பா சுரங்கத்தில் புதுசு. ராபர்ட்சன்பேட்டையில் வாங்கிய கேசட்டுகள் இன்றும் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன, ஓட்டுவதற்கு டேப் ரெக்கார்டர்தான் இல்லை. 2025 மார்ச் 8-இல் லண்டனில் சிம்பொனி அரங்கேறிய செய்தி வந்ததும் ராத்திரி எனக்குப் போன் போட்டு, "பண்ணைப்புரத்துல பொறந்த மனுஷன்டா" என்று மூன்று தடவை சொன்னார். குரல் உடைந்திருந்தது. எதையும் கேட்காத மனிதர், அன்றைக்குத்தான், "ஒரு தடவ நேர்ல பாத்துட்டா போதும்" என்றார்.

இங்கே அவருடைய கச்சேரி என்று விளம்பரம் வந்ததுமே இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். அந்த டிக்கெட்டில் ஒரு குறையும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஏமாந்தது வேறு இடத்தில். வாங்கிய டிக்கெட்டை மறுபடி விற்கிற ஆப் ஒன்று இருக்கிறது. அதில் 'மேடைக்குப் பின்னால் சந்திப்பு, போட்டோவுடன்' என்று ஒருவர் போட்டிருந்தார். ஒரு ஆளுக்கு 7,500 ரூபாய். செய்தி அனுப்பினேன், ஐந்து நிமிடத்தில் போன் வந்தது.

தமிழில் பேசினான். "அண்ணா, நான் வேலூர்ப் பக்கம்தான்" என்றான். இந்த ஊரில் இருபது வருடமாகக் கன்னடத்திலும் இந்தியிலும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருக்கிறவனுக்கு, போனில் நம்ம ஊர்ப் பேச்சு கேட்டால் மனசு தானாக இளகிவிடும். எனக்கு இளகியது. இரண்டு பேருக்கு 15,000 அனுப்பச் சொன்னான். ஆப் வழியாகப் போட்டால் கமிஷன் பிடிப்பார்கள், நேராகப் போட்டுவிடுங்கள் என்றான். அவன் அனுப்பிய கியூஆரை ஸ்கேன் செய்தால் திரையில் ஏதோ ஒரு பெண் பெயர் வந்தது. கேட்டேன். "அது எங்க அக்கவுண்ட்ஸ் மேடம்ணா" என்றான். போட்டுவிட்டேன்.

என் மனைவி அப்போதே கேட்டாள்: "அவ்ளோ பெரிய மனுஷரப் பாக்க யாராவது ஒரு போன் நம்பருக்குப் பணம் அனுப்புவாங்களா?" நான் அவளிடம் எரிந்து விழுந்தேன். இதற்கு நான் அவளிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை, இன்றைக்குக் கேட்கவேண்டும்.

அடுத்து நடந்ததுதான் என்னால் தாங்க முடியாதது. "அப்பாவோட ஒரு வார்த்த பேசணும்ணா, பாஸ்ல பேர் சரியா வரணும்" என்று அப்பாவின் நம்பரை வாங்கினான். பேசினான். அப்பா பெயர் சொல்வதோடு நிற்பாரா? நைட் ஷிப்டு முடிந்து மேலே வர கேஜுக்காக (சுரங்க லிப்ட்) காத்திருக்கும்போது, அந்த இருட்டிலும் சூட்டிலும் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ராஜா பாட்டு பாடுவார்களாம். அதில் ஒருவர் பின்னால் பாறை சரிந்து இறந்துபோனார். "அந்த ஆளு பாடுன பாட்ட ராஜா சார்கிட்ட சொல்லணும், அவ்ளோதான்" என்று அப்பா சொல்லியிருக்கிறார். எனக்கே இந்தக் கதை அதுவரை தெரியாது. பெற்ற பிள்ளையிடம் சொல்லாததை அவனிடம் சொல்லியிருக்கிறார். அவனும் அவசரப்படாமல் ம், ம் என்று இருபது நிமிடம் கேட்டிருக்கிறான். "எவ்ளோ தன்மையா கேக்குது அந்தப் புள்ள" என்று அப்பா எனக்குப் போன் செய்து சொன்னார். அதன் பிறகு எனக்கும் துளி சந்தேகம் இல்லை.

அன்று மாலையே அவன் என்னைக் கூப்பிட்டான். "அண்ணா, அப்பா சொன்னதக் கேட்டு எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இத கூட்டத்துல நின்னு சொல்ல முடியாது. ரெண்டு நிமிஷம் தனியா வாங்கித் தர்றேன், 5,000 மட்டும் எக்ஸ்ட்ரா." என் அப்பா வாயால் சொன்ன கதையைக் கேட்டு, அதற்கே ஒரு விலை வைத்து, எங்களுக்கே விற்றான். அந்த 5,000-ஐ அப்பா தானே தருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். கடைசியில் 'பாதுகாப்பு முன்பணம், திருப்பித் தரப்படும்' என்று 3,500. கூடவே அப்பாவின் ஆதார் போட்டோவும் வாங்கிக்கொண்டான். மொத்தம் 23,500. பாஸ் வாட்ஸ்அப்பில் வந்தது, அப்பா பெயர் பெரிய எழுத்தில், படத்துடன்.

கச்சேரி அன்று அப்பா காலை ரயிலிலேயே வந்துவிட்டார். கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குப் போனால், வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் செய்தித்தாளில் சுற்றித் தனிப் பையில் வைத்திருக்கிறார். கையில் ஒரு கேசட்டின் அட்டை. அதில் கையெழுத்து வாங்க.

இடைவேளைக்கு முன்பே அவன் சொன்ன கேட்டுக்குப் போய் நின்றோம். செக்யூரிட்டி பாஸை ஸ்கேன் செய்தார், ஒன்றும் வரவில்லை. "இது நம்மதல்ல சார்" என்றார். மேற்பார்வையாளர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இப்படி ஒரு பாஸே இன்றைக்கு இல்லை, இதே மாதிரி இன்னும் சிலர் வந்து போனார்கள் என்றார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், மரியாதையாகத்தான் பேசினார்கள். நான் அவனைக் கூப்பிட்டேன். "பின் கேட்டுக்கு வாங்கண்ணா, அங்க நம்ம பையன் இருக்கான்." போனோம். ஒருவரும் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். "சார் டயர்டா இருக்காராம், கச்சேரி முடிஞ்சதும்." அப்புறம் போன் எடுக்கவில்லை. உள்ளே பாட்டு கேட்கிறது, நாங்கள் வெளியே. வீங்கின முட்டியோடு அப்பா ஒரு மணி நேரம் நின்றார். கடைசியில், "சரி வா, உள்ள போய் மிச்சத்தயாவது கேப்போம்" என்றார். அந்த ஒரு மணி நேரப் பாட்டுக்கு யார் பணம் தருவது?

மறுநாள் அவனே கூப்பிட்டான். மேனேஜர் மாறிவிட்டார், முழுப் பணமும் ஏழு வேலை நாளில் வந்துவிடும் என்றான். நம்பினேன். அந்த ஏழு நாளில்தான் பணம் கைக்கு எட்டாமல் போனது என்று பின்னால்தான் தெரிந்தது. எட்டாவது நாள் ஒரு கியூஆர் அனுப்பி, "இத ஸ்கேன் பண்ணி பின் போடுங்கண்ணா, பணம் வந்துடும்" என்றான். அங்கேதான் எனக்கு உறைத்தது. பணம் வாங்குவதற்கு யாராவது பின் போடுவார்களா? கத்தினேன். நம்பரை பிளாக் செய்துவிட்டான்.

ஆப்புக்குப் புகார் கொடுத்தேன். நாங்கள் வாங்குபவரையும் விற்பவரையும் இணைப்பவர்கள் மட்டுமே, பணம் எங்கள் வழியாக வரவில்லை என்று பதில். மறுபடி எழுதினேன், அதே பதில், ஒரு எழுத்துகூட மாறவில்லை. மூன்றாவது தடவை 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று வந்தது. 23,500 ரூபாய் போயிருக்கிறது, எது தீர்ந்தது? சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டு ஒப்புகை எண் கொடுத்தார்கள். அன்றைக்கே கூப்பிட்டிருந்தால் நிறுத்தி வைக்க முயற்சி செய்திருக்கலாம், இப்போது பணம் வேறு கணக்குகளுக்கு மாறிவிட்டது என்றார்கள். போலீஸ் ஸ்டேஷனில் "நாளைக்கு வாங்க" என்று இரண்டு நாள் அலையவிட்டார்கள். இன்று வங்கியில், "நீங்களே பின் போட்டு அனுப்பியிருக்கீங்க சார்" என்றார்கள். ஆமாம், நான்தான் போட்டேன்.

என்ன செய்யக்கூடாது என்று விவரமாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. பிரபலத்தைச் சந்திக்க வைக்கிறேன் என்று தனி ஆள் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கச்சேரி நடத்துகிறவர்களிடமே நேராகக் கேளுங்கள். ஆப்புக்கு வெளியே பணம் போடாதீர்கள். திரையில் வேறு பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஏமாந்தது தெரிந்த அந்த நிமிடமே 1930, ஏழு நாள் என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள். வயதானவர்களின் நம்பரைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

அப்பா ஊருக்குப் போய்விட்டார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அந்தப் புள்ள நெசமாவே கேட்ட மாதிரிதான்டா இருந்துச்சு" என்று மட்டும் நேற்று சொன்னார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்த ஆப்பைத் திறந்து பார்த்தேன். அதே பாஸ் படம், அதே நீலப் பட்டை, இப்போது ஒரு பின்னணிப் பாடகியின் பெயரில். விலை 8,500. 'கடைசி 2 இடங்கள்' என்று போட்டிருக்கிறான். நான் மறுபடி புகார் போட்டுவிட்டேன், இன்னும் எடுக்கவில்லை. பெங்களூரில் இருக்கும் யார் கண்ணில் பட்டாலும் வாங்காதீர்கள்.