முதல் மாரத்தான்: நிக்காம மெதுவா ஓடணுமா, ஓடி ஓடி நடக்கணுமா?

6 மணி நேரத்துல 42.195 கிலோமீட்டர முடிச்சா போதும்னு இருக்கற நம்ம மாதிரி ஆளுங்களுக்குத்தான் இது.

நேரம்
நிக்காம ஓடினா: கிலோமீட்டருக்கு 8 நிமிஷம் 31 செகண்ட், கடைசி வரைக்கும்.
ஓடி நடந்தா: 4 நிமிஷம் ஓட்டம் (கிலோமீட்டருக்கு 8 நிமிஷ வேகம்), 1 நிமிஷம் நடை (11 நிமிஷ வேகம்), இதுவும் 6 மணி நேரத்துக்குள்ளதான் வருது. ஆனா விறுவிறுன்னு நடக்கணும், பீச்ல சுண்டல் வாங்கிட்டுப் போற நடை இல்ல.

கால்
நிக்காம ஓடினா: போன மாசம் ஈசிஆர்ல 28 கிலோமீட்டர் போய்ப் பாத்தேன், 24லயே தொடை கல்லு மாதிரி ஆயிடுச்சு, சென்னை புழுக்கத்துல வேர்வை ஷூக்குள்ள இறங்கி சளக் சளக்னு சத்தம் வேற.
ஓடி நடந்தா: அடுத்த நாள் படி இறங்க முடிஞ்சுது. ஒண்ணு, களைச்சப்புறம் நடக்கறது இல்ல இது, முதல் கிலோமீட்டர்லயே நடையை ஆரம்பிச்சுடணும்.

மனசு
நிக்காம ஓடினா: ஒரே தாளம், யோசிக்க வேணாம்.
ஓடி நடந்தா: ஆரம்பத்துல எல்லாரும் தாண்டிப் போவாங்க, வெக்கமாத்தான் இருக்கும். இந்த முறைய பரப்பின ஜெஃப் கேலவே 1972 ஒலிம்பிக்ஸ்ல 10,000 மீட்டர் ஓடினவரு, அவரே நடக்கச் சொன்னாரு, நமக்கென்ன?

செலவு
ரெண்டுக்கும் ஒண்ணுதான், நடைக்கு போன்ல டைமர் போதும்.

25, 30 கிலோமீட்டர் பிராக்டிஸ்ல நிக்காம ஓடி, மறுநாளும் நல்லா இருக்கீங்கன்னா அப்படியே ஓடுங்க. முட்டி வலி, வெயிட், நாப்பது வயசுக்கு மேல ஆரம்பிச்சவங்கன்னா 4-1தான், நானும் அதுக்கே போறேன்.